சும்மா கிடந்த கம்ப்யூட்டர்

முதலில் கண்டுபிடித்தது வீட்டுக்காரிதான். புரட்டாசி முதல் வாரம், தையல் டிசைன் ஏதோ தேடப் போனவள், "ஏனுங், இது மறுபடியும் நம்மள மனுசங்கதானான்னு கேக்குதுங்" என்றாள். பைக் இருக்கிற கட்டத்தைத் தொடு, சிக்னல் கம்பம் இருக்கிற கட்டத்தைத் தொடு என்று கூகுள் வைக்கிற பரீட்சை. எப்போதாவது வந்தால் பரவாயில்லை, ஒரு நாளைக்கு ஆறேழு தடவை வந்துகொண்டிருந்தது. நான் தீபாவளி ஆர்டர் அவசரத்தில் இருந்தேன். தொட்டுட்டுப் போ என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தேன்.

எங்கள் வீடு பல்லடம் பக்கம். பனியனுக்குப் பிரிண்ட் டிசைன் போட்டு, கலர் பிரித்து, பிலிம் எடுக்கிற வரைக்கும் செய்து கொடுப்பது என் தொழில். ஹாலில் இருப்பது ஒரே கம்ப்யூட்டர், 2019-ல் அசெம்பிள் செய்தது, ஐ3 8100, 8 ஜிபி ராம், விண்டோஸ் 10. என் டிசைன், அவளுடைய தையல் கணக்கு, மகளின் பதினொன்றாம் வகுப்பு என்று எல்லாமே அதில்தான் நடக்கிறது. ராத்திரியில் அதை அணைக்கிற பழக்கமும் எனக்கில்லை. டிசைன் ஃபைல்கள் ஒவ்வொன்றும் பெரிசு பெரிசாக இருக்கும், கூகுள் டிரைவுக்கு ஏறி முடிக்கட்டும் என்று விட்டுவிட்டுப் படுத்துவிடுவேன்.

கேபிள்காரரிடம் கேட்டதற்கு, "உங்களுக்கு மட்டுமில்லீங்ணா, லைன்ல எல்லாருக்குமே அப்படித்தானுங்" என்றார். அவர் சொன்னதில் பாதி நிஜம். ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து, அதாவது பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்து, நமக்கு வெளியிலிருந்து கிடைத்திருக்கிற எண் என்ன என்று பார்த்தேன். 100.72 என்று தொடங்கியது. 100.64 முதல் 100.127 வரை தொடங்குகிற எண் எதுவாக இருந்தாலும் அது நமக்கே நமக்கான இணைய விலாசம் இல்லை, கம்பெனிக்காரர்கள் உள்ளுக்குள் பிரித்துக் கொடுக்கிற எண். வெளியுலகத்துக்கு எங்கள் தெரு, பக்கத்துத் தெரு, அதைத் தாண்டியும் பல வீடுகள் சேர்ந்து ஒரே விலாசமாகத்தான் தெரிவோம். லைன் வீடு முழுக்க ஒரே கதவிலக்கம் இருப்பது மாதிரி. கடைசி வீட்டுக்காரன் கடன் வாங்கினாலும் வசூல்காரன் முதல் வீட்டுக் கதவைத்தான் தட்டுவான். ஆகவே கூகுளின் பரீட்சையை மட்டும் வைத்துக்கொண்டு நம் கம்ப்யூட்டரில் ஏதோ இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது.

ஆனால் அதே ரவுட்டர் பக்கத்தில், ஸ்டேட்டஸ் என்ற இடத்தில், வந்தது எவ்வளவு போனது எவ்வளவு என்று இரண்டு எண்கள் இருந்தன. அதுதான் என்னை உட்கார வைத்தது. முந்தின ராத்திரி கரண்ட் போய் வந்து பத்து மணிக்குத்தான் ரவுட்டர் புதிதாக எழுந்திருந்தது, எண்ணிக்கையும் சைபரிலிருந்து தொடங்கியிருந்தது. நான் பார்த்தபோது காலை ஆறு மணி. வந்தது 6.2 ஜிபி, போனது 5.9 ஜிபி. எல்லாரும் தூங்கிய நேரம்.

வீட்டு இணையத்தில் இந்த இரண்டும் பொதுவாகச் சமமாக வராது. படம் பார்த்தால் வரவு மலை, போக்கு மடு. நான் டிசைன் ஏற்றினால் போக்கு மட்டும் கூடும், வரவு அசையாது. இரண்டும் ஒட்டி ஒட்டிப் போகிறது என்றால் சரக்கு ஒரு வாசலில் இறங்கி இன்னொரு வாசலில் ஏறுகிறது என்று அர்த்தம். ஈரோட்டு மஞ்சள் மண்டியில் அப்படித்தான் நடக்கும், மண்டிக்காரர் மஞ்சள் விளைவிப்பதும் இல்லை தின்பதும் இல்லை. என் வீட்டு ஹாலில் எவனோ மண்டி வைத்திருக்கிறான் என்று அப்போதே புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை. டிரைவ் ஏதோ சுற்றிச் சுற்றி ஏற்றுகிறது போல என்று நினைத்தேன். அன்று ராத்திரி டிரைவை நிறுத்திவிட்டு, போன்கள் டிவி எல்லாவற்றின் வைஃபையையும் அணைத்துவிட்டு, கம்ப்யூட்டர் மட்டும் ஓடும்படி விட்டேன். காலையில் அதே கதை, ஐந்து ஜிபி சொச்சம் வந்து ஐந்து ஜிபி சொச்சம் போயிருந்தது. அடுத்த ராத்திரி கம்ப்யூட்டரின் நெட் ஒயரை மட்டும் பிடுங்கிவிட்டு மற்றதெல்லாம் இருக்கட்டும் என்று விட்டால் மொத்தமே 40 எம்பி. சரி, ஆள் இந்தப் பெட்டிக்குள்தான்.

மைனராக இருக்குமோ என்று முதலில் ஒரு சந்தேகம். நம் கரண்டில் அவனுக்கு டிஜிட்டல் காசு தோண்டுகிற சமாச்சாரம், பெரும்பாலும் மோனேரோ என்கிற கிரிப்டோகரன்சி. மோனேரோவைச் சாதாரண சிபியுவிலேயே தோண்டலாம், 2019 நவம்பரில் கணக்குப் போடும் முறையை மாற்றி அதை இன்னும் சிபியுவுக்குச் சாதகமாக்கினார்கள், அதனால் திருட்டு மைனர்களுக்கு அதுதான் பிடித்தம். ஆனால் மைனர் என்றால் பெட்டி சூடாகும். டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் சிபியு 4 சதவீதம் என்றது. இதை நம்பக் கூடாது, டாஸ்க் மேனேஜரைத் திறந்த உடனே நல்ல பிள்ளையாக நின்றுகொள்கிற மைனர்கள் உண்டு. அதனால் விடிகாலை எழுந்ததும் எதையும் தொடாமல் கேபினெட்டின் பின்பக்கம் காற்று வருகிற இடத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது. மைனர் எதுவும் தோண்டவில்லை, தோண்டினாலும் அதற்கு ஆறு ஜிபி தேவைப்படாது. அந்த வழி அடைத்தது.

இதற்குப் பிறகு இரண்டு சாயங்காலங்களை வீணடித்தேன். எப்படி வீணடித்தேன் என்பதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் யாராக இருந்தாலும் முதலில் இந்தச் சந்துக்குள்தான் போவார்கள்.

கமாண்ட் பிராம்ப்டை அட்மினாகத் திறந்து, நெட்ஸ்டாட் என்று அடித்து, ஓர் இடம் விட்டு, சிறு கோடு போட்டு அதை ஒட்டி ஏ, என், ஓ என்று மூன்று எழுத்தை அடித்தால், அந்த நேரத்தில் கம்ப்யூட்டர் யார் யாரோடு பேசிக்கொண்டிருக்கிறது என்ற பட்டியல் கொட்டும். நம் எண், எதிராளி எண், நிலைமை, கடைசியில் அந்தப் பேச்சை நடத்துகிற புரோகிராமின் அடையாள எண். எனக்கு நூற்றுச் சொச்சம் வரி வந்தது. பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. லிசனிங் என்று ஒரு கூட்டம், எஸ்டாப்ளிஷ்டு என்று ஒரு கூட்டம். நான் என்ன செய்தேன், ஒவ்வொரு எதிராளி எண்ணையும் நோட்டில் எழுதி, அது எந்த நாட்டில் இருக்கிறது, யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று ஹூஇஸ் பார்த்துத் தேடித் தேடி எழுதினேன்.

பயமுறுத்தியவை எல்லாம் ஒவ்வொன்றாகப் பிசுபிசுத்துப் போயின. 5228 என்ற போர்ட்டில், அதாவது வாசல் எண்ணில், ஓர் இணைப்பு அறுபடாமல் நின்றுகொண்டே இருந்தது, இதுதான் கள்ளன் என்று வட்டம் போட்டு வைத்தேன். அது குரோம், நோட்டிபிகேஷன் வாங்குவதற்காகக் கூகுளோடு வைத்திருக்கிற தொடர்பு. இன்னொரு எண்ணுக்குப் பெயர் கேட்டால் 1ஈ100 டாட் நெட் என்று முடிகிற பெயர் வந்தது. இப்படி ஒரு பெயரை எவன் வைப்பான், நிச்சயம் திருட்டுக் கும்பல்தான் என்று மகளிடம் காட்டினேன். "அப்பா, அது ஒண்ணுக்குப் பக்கத்துல நூறு சைபர் போடுறது, அதுக்குப் பேரு கூகோல்" என்றாள். கூகுள் தன் பெயரின் மூலத்தையே தன் சர்வர்களுக்கு வைத்திருக்கிறது. 7680-ல் ஒன்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தது, அது விண்டோஸ் அப்டேட்டைப் பக்கத்துக் கம்ப்யூட்டர்களோடு பங்கு போட்டுக்கொள்கிற ஏற்பாடு, வேண்டாம் என்றால் செட்டிங்ஸில் அணைத்துவிடலாம். 127.0.0.1 என்று இருந்தவை எல்லாம் கம்ப்யூட்டர் தனக்குத் தானே பேசிக்கொள்வது. 20-லும் 52-லும் தொடங்கிய பல எண்கள் மைக்ரோசாஃப்டுக்குப் போயின. புரோகிராமின் அடையாள எண்ணை வைத்துப் பெயர் பார்த்ததில் எஸ்விசிஹோஸ்ட் பத்து தடவை வந்தது, அது சிஸ்டம்32 ஃபோல்டரிலிருந்து ஓடினால் விண்டோஸின் சொந்த ஆள்தான், வேறு எங்கிருந்தாவது ஓடினால்தான் பிடிக்க வேண்டும். பத்தும் சிஸ்டம்32-தான்.

இரண்டாவது சாயங்காலம் முடிகிறபோது நோட்டில் நாலு பக்கம் எழுதியிருந்தேன், ஒரு கள்ளனும் சிக்கவில்லை. சிங்கப்பூர், அமெரிக்கா, மும்பை என்று ஊர்ப் பெயர்தான் மிச்சம். இன்றைக்கு நல்லவனும் கெட்டவனும் அதே பெரிய கம்பெனிகளின் சர்வர்களைத்தான் வாடகைக்கு எடுக்கிறார்கள், எந்த நாடு என்று பார்த்து ஒன்றும் ஆகாது. எண் எங்கே போகிறது என்று வெளியே ஓடிப் பார்த்ததுதான் என் தப்பு. உள்ளே இருந்து யார் அனுப்புகிறார்கள், அந்த ஃபைல் எங்கே குடியிருக்கிறது, எந்தத் தேதியில் குடிவந்தது என்று கேட்டிருந்தால் அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும்.

ஆனால் அப்படிக் கேட்பதற்கும் ஒரு தடை இருந்தது. பட்டியலின் பெரும்பங்கு, எண்பது தொண்ணூறு வரிகள், டைம் வெயிட் என்ற நிலையில் இருந்தன. அதாவது பேச்சு முடிந்துவிட்டது, பதிவேட்டிலிருந்து இன்னும் பெயர் அடிக்கவில்லை. அவற்றுக்கு நேரே புரோகிராமின் எண்ணைப் பார்த்தால் எல்லாமே சைபர். விண்டோஸில் அப்படித்தான், டைம் வெயிட்டுக்கு வந்துவிட்ட இணைப்புக்குச் சொந்தக்காரன் கிடையாது. டீக்கடை பெஞ்சில் வெறும் கிளாஸ்கள் வரிசையாக இருக்கின்றன, குடித்தவர்களைக் காணோம். இன்னொரு விசேஷம், இரண்டு மூன்று நிமிடம் கழித்து அதே கமாண்டை மறுபடி அடித்தால் அந்த வரிகளும் மறைந்துவிட்டன, புதிதாக எதுவும் சேரவில்லை.

சாப்பிடப் போய்விட்டு வந்து அடித்தேன், மறுபடி எண்பது. உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தால் குறைந்து குறைந்து காணாமல் போயின. மாடிக்குப் போய்த் துணி எடுத்துக்கொண்டு வந்து அடித்தேன், மறுபடி எழுபது. அப்போதுதான் தலையில் உறைத்தது. நான் மவுஸைத் தொடுகிற வரைக்கும் அது வேலை செய்கிறது, தொட்டதும் வளைக்குள் ஓடிவிடுகிறது. ரவுட்டர் கணக்கில் பகலில் ஒன்றும் தெரியாமல் ராத்திரியில் ஏறியதற்கும் அதுதான் காரணம்.

சரி, தொடாமல் பார்க்க வேண்டும். இதற்கு டிசிபிவியூ என்று ஒரு சின்ன புரோகிராம் இருக்கிறது. மார்க் ருசினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் 1996-ல் தொடங்கிய சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் உள்ளது, 2006-ல் மைக்ரோசாஃப்ட் அதை வாங்கிக்கொண்டது, இப்போதும் அவர்கள் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. நெட்ஸ்டாட் ஒரு போட்டோ என்றால் இது வீடியோ. புது இணைப்பு பச்சையில் வரும், நிலைமை மாறினால் மஞ்சள், முடிந்தால் சிவப்பு. அட்மினாகத் திறந்தால் எந்த புரோகிராம், அது எந்த ஃபோல்டர் என்பதும் கூடவே தெரியும்.

ராத்திரி பத்தேமுக்காலுக்கு எல்லாரும் படுத்த பிறகு அதைத் திறந்து வைத்தேன். மானிட்டர் அணையாதபடியும் கம்ப்யூட்டர் தூங்காதபடியும் பவர் செட்டிங்ஸை மாற்றினேன். குரோம், டிரைவ் எல்லாவற்றையும் மூடினேன். மவுஸைத் தெரியாமல் தட்டிவிடக் கூடாது என்று அதை மேஜை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, ஸ்டூலை நாலடி பின்னால் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். குளத்தில் தூண்டில் போட்டவன் மாதிரி. பக்கத்துக் காட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. திரையில் பதினைந்து இருபது வரிகள், எதுவும் அசையவில்லை. ஐந்து நிமிடம். எட்டு நிமிடம். கொசு காலைக் கடித்தது, அடித்தேன், அதுவும் சத்தமில்லாமல், கம்ப்யூட்டருக்குக் காது இல்லை என்று தெரிந்தும்.

பத்தாவது நிமிடம் முடிந்த சில விநாடிகளில் பச்சையாக ஒரு வரி வந்தது. அப்புறம் நாலு. அப்புறம் எண்ண முடியவில்லை. பச்சை, சிவப்பு, மஞ்சள் என்று மாரியம்மன் நோம்பிக்குப் போட்ட சீரியல் செட் மாதிரி திரை முழுக்க ஓட ஆரம்பித்தது. அத்தனை வரிக்கும் இடது பக்கத்தில் ஒரே பெயர், ஏதோ அப்டேட் ஹெல்பர் என்கிற மாதிரி சாதுவான பெயர். போனிலிருந்து போட்டோ எடுத்துக்கொண்டேன். பிறகு எழுந்து போய் மவுஸை ஒரு விரலால் தொட்டேன். புதிய பச்சை நின்றது. சிவப்புகள் ஒவ்வொன்றாக அணைந்தன. ஒரே ஒரு வரி மட்டும் மிஞ்சியது, அதே புரோகிராம் ஏதோ ஓர் எண்ணோடு விடாமல் பிடித்துக்கொண்டிருந்த இணைப்பு. மேஸ்திரியோடு பேசுகிற லைன் அது. அடுத்த லோடு எப்போது என்று அந்த வழியாகத்தான் கேட்டுக்கொள்கிறது.

அதற்குப் பிறகு எல்லாம் வேகம். இன்னொரு கமாண்டில், ஐபிகான்ஃபிக் அடித்து, இடம் விட்டு, சாய்கோடு போட்டு டிஸ்ப்ளேடிஎன்எஸ் என்று அடித்தால், கம்ப்யூட்டர் சமீபத்தில் விசாரித்த தளப் பெயர்கள் கிடைக்கும். எங்கள் வீட்டில் யாரும் போகாத பெயர்களாகக் கொட்டியது. ஓட்டல் ரூம் வாடகை, விமான டிக்கெட், விளையாட்டு ஷூ விற்கிற கடைகள், அதுவும் வெளிநாட்டுக் கடைகள். சத்தம் கேட்டு எழுந்து வந்த வீட்டுக்காரி எட்டிப் பார்த்துவிட்டு, "நம்ம வீட்ல யாருங்க பாரிஸ்ல ரூம் போடுறது" என்றாள். பழனிக்கு ரூம் போட்டதே நாலு வருசத்துக்கு முன்னால்.

விஷயம் இதுதான். ஊரில் விலை கண்காணிக்கிறவன், தளங்களை மொத்தமாக உறிஞ்சி எடுக்கிறவன், கூடவே திருட்டு பாஸ்வேர்டைப் போட்டுப் பார்க்கிறவன், திருட்டு கார்டில் பொருள் வாங்குகிறவன், இவர்களுக்கெல்லாம் ஒரு சாதாரண வீட்டின் இணைய விலாசம் வேண்டும். சர்வர் விலாசத்திலிருந்து போனால் தளங்கள் கதவைச் சாத்திவிடும், வீட்டு விலாசம் என்றால் உள்ளே விடும். அந்த வீட்டு விலாசங்களைக் கூலிக்கு விடுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குச் சரக்கு எங்கள் கம்ப்யூட்டர் மாதிரியான கம்ப்யூட்டர்கள். இதில் வெளிப்படையாகச் சொல்லிக் காசு கொடுத்துச் செய்கிறவர்களும் உண்டு, இலவச புரோகிராம் ஒன்றுக்குள் மடித்து வைத்து அனுப்புகிறவர்களும் உண்டு. 2024 மே மாதம் அமெரிக்க நீதித்துறை 911 எஸ்5 என்ற பெரிய வலை ஒன்றை முடக்கியது, ஏறக்குறைய 200 நாடுகளில் 1.9 கோடி ஐபி விலாசங்கள் அதில் இருந்ததாக அறிவித்தது. நம் இணைய விலாசத்தை மறைத்துத் தருகிற விபிஎன் புரோகிராம்களில் இலவசமானவை வழியாகத்தான் அது பரவியிருந்தது. எங்கள் வீட்டில் இருந்தது அந்த வகையறா பெயர் எதுவும் இல்லை, ஆனால் பிழைப்பு அதே பிழைப்பு.

ஃபைல் இருந்த இடம் ஆப்டேட்டா என்ற மறைவான ஃபோல்டருக்குள். வலது கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் பார்த்தேன். உருவான தேதி ஆகஸ்ட் 3, ஞாயிறு, மதியம் 2.40. ஆடி 18. அன்றைக்கு நாங்கள் பவானி கூடுதுறைக்குப் போயிருந்தோம். எல்லாரும் போகவில்லை. கோபியிலிருந்து வந்திருந்த அக்கா மகன், காலேஜ் இரண்டாம் வருசம், தலைவலிக்குது என்று வீட்டிலேயே இருந்துகொண்டான்.

ராத்திரி பதினொன்றரைக்குப் போன் போட்டேன். "மாப்ள, ஆடிப் பதினெட்டு அன்னிக்கு நம்ம கம்ப்யூட்டர்ல என்ன சாமி போட்ட?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "ஒரு விபிஎன் போட்டேனுங் மாமா. ஒரு கேமுக்காக. ஆனா அன்னிக்கு சாயங்காலமே அழிச்சுட்டேனுங்."

அவன் பொய் சொல்லவில்லை. கண்ட்ரோல் பேனலில் விபிஎன் என்று எதுவும் இல்லை. அழித்தபோது விபிஎன் போனது, அது கூட்டி வந்த ஒண்டிக்குடித்தனக்காரன் போகவில்லை. இன்ஸ்டால் ஆகும்போது நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஐ அக்ரீ என்று தட்டிய பக்கங்களில் எங்காவது, உங்கள் கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போது உங்கள் இணையத்தைப் பயன்படுத்திக்கொள்வோம் என்று ஒரு வரி பொடி எழுத்தில் இருந்திருக்கும். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. விண்டோஸோடு வருகிற டிஃபெண்டர் ஆன்டிவைரஸில் இந்த மாதிரி வேண்டாத புரோகிராம்களைத் தடுக்க ஒரு ஸ்விட்ச் இருக்கிறது, ரெப்யுடேஷன் பேஸ்டு புரொடெக்ஷன் என்ற பக்கத்தில். அது எங்கள் கம்ப்யூட்டரில் அணைந்திருந்தது. போன வருசம் டிசைன் சாஃப்ட்வேர் ஒன்றை நான் 'விலையில்லாமல்' போட்டபோது, இடைஞ்சலாக இருக்கிறது என்று நானேதான் அணைத்தேன்.

டிஃபெண்டர் ஏன் அதுவரை ஒன்றும் சொல்லவில்லை என்பதற்கு இன்னொரு காரணமும் தெரிந்தது. பிராசஸ் எக்ஸ்புளோரரில், இதுவும் அதே சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்புதான், அந்த ஃபைலின் கைரேகையை, பல ஆன்டிவைரஸ்களின் தீர்ப்பை ஒரே இடத்தில் காட்டுகிற வைரஸ்டோட்டல் தளத்துக்கு அனுப்பிப் பார்க்கலாம், ஃபைலையே அனுப்பத் தேவையில்லை. எழுபது சொச்சம் ஆன்டிவைரஸ்களில் ஒன்பதுதான் கை தூக்கின, அதுவும் வைரஸ் என்று சொல்லவில்லை, வேண்டாதது என்றுதான் சொல்லின. ஃபைலில் முறையான டிஜிட்டல் கையெழுத்து இருந்தது, செல்லுபடியாகும் கையெழுத்து. கையெழுத்து இருந்தால் நல்ல ஆள் என்று நான் அதுவரை நம்பியிருந்தேன்.

இனி துடைக்கிற வேலை. நெட் ஒயரைப் பிடுங்கினேன். டாஸ்க் மேனேஜரில் அதை நிறுத்தி, ஃபோல்டரையே ஷிப்ட் டெலிட் போட்டு அழித்து, வெற்றி என்று படுத்தேன். காலையில் ஒயரைச் செருகி ஆன் செய்தால் அரை மணி நேரத்தில் அதே ஃபோல்டர், அதே ஃபைல், இன்றைய தேதியோடு உட்கார்ந்திருக்கிறது.

ஆட்டோரன்ஸ் என்ற மூன்றாவது கருவியை எடுத்தேன். விண்டோஸ் எழும்போதும் நடுவிலும் தானாக ஓடுகிற எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் காட்டும். பட்டியல் நீளத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், மைக்ரோசாஃப்ட் சமாச்சாரங்களை மறை என்று ஆப்ஷனில் சொன்னால் பத்து இருபது வரியாகச் சுருங்கிவிடும். அதில் இரண்டு இடத்தில் ஒளிந்திருந்தது. பின்னணியில் ஓடுகிற சர்வீஸாக ஒன்று. ஷெட்யூல்டு டாஸ்க்காக ஒன்று, அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து, ஃபைல் இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் நெட்டிலிருந்து இறக்கிக்கொள்கிற ஏற்பாடு. டாஸ்க்கை முதலில் அழித்தேன், அப்புறம் சர்வீஸை நிறுத்தி அழித்தேன், ஃபைல் கடைசியில். நேற்று நான் செய்தது நேர் தலைகீழ். டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேனும் ஓட்டினேன், விண்டோஸ் எழுவதற்கு முன்பே கால் மணி நேரம் தேடுகிற வகை. புதிதாக ஒன்றும் சிக்கவில்லை.

அன்று ராத்திரி ஸ்டூலில் மறுபடி உட்கார்ந்தேன். இருபது நிமிடம் ஆகியும் சீரியல் செட் எரியவில்லை. காலை ரவுட்டர் கணக்கில் வந்தது 310 எம்பி, போனது 22 எம்பி.

இத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லை. அட்மின் அதிகாரத்தோடு இரண்டு மாதம் குடியிருந்த ஆள், எனக்குத் தெரிந்த இரண்டு ஓட்டையை அடைத்தேன், தெரியாதது எத்தனை என்று யார் கண்டார்கள். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு முடிகிறது என்பதும் தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தது. டிசைன் ஃபைல்களை மட்டும் வெளி ஹார்டுடிஸ்கில் எடுத்துக்கொண்டு, எந்த இன்ஸ்டாலரையும் எடுக்காமல், மொத்தமாக அழித்து விண்டோஸ் 11 போட்டேன். ஐ3 8100 அதற்குத் தகுதியானதுதான், அது கேட்கிற டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதி பயாஸில் அணைந்திருந்தது, இன்டெல் பிடிடி என்ற பெயரில் ஒளிந்திருந்ததைத் தேடி ஆன் செய்ய ஒரு மணி நேரம் ஆனது, இன்ஸ்டால் செய்ய அதைவிடக் குறைவாகத்தான் ஆனது. பேங்க், மெயில் பாஸ்வேர்டுகளை அதற்கு முன்பே போனில், வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் மாற்றிவிட்டேன். ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்டு அட்மின் என்றே இருந்தது, அதையும் மாற்றினேன். டிசைன் சாஃப்ட்வேரை இந்தத் தடவை மாதச் சந்தா கட்டிப் போட்டிருக்கிறேன், அந்தத் தொகையைச் சொல்லி வீட்டில் இன்னும் பேச்சு வாங்கிக்கொண்டிருக்கிறேன். மகளுக்கும் வருகிறவர்களுக்கும் தனியாக ஸ்டாண்டர்டு அக்கவுண்ட், அதில் எதை இன்ஸ்டால் செய்தாலும் என் பாஸ்வேர்டு கேட்கும், அதிலும் கேட்காமலே நுழைகிற சில இருக்கும், ஆனாலும் சர்வீஸாக உட்கார முடியாது.

கூகுள் பரீட்சை நின்றதா என்றால், வாரத்துக்கு ஒருதரம் இப்போதும் வருகிறது. கேபிள்காரர் சொன்ன பாதி அது. எங்கள் கதவிலக்கத்தில் வேறு எந்த வீட்டில் மண்டி நடக்கிறதோ. அவரிடம் இதைச் சொன்னேன், "அப்டீங்ளாண்ணா" என்று கேட்டுக்கொண்டார், அடுத்த வீட்டுக்கு ஒயர் இழுக்கப் போய்விட்டார்.

தீபாவளி கழிந்து அடுத்த ஞாயிறு கோபிக்குப் போனேன், அக்காவுக்குப் பலகாரம் கொடுக்க. மாப்பிள்ளை முகத்தைக் கொடுக்காமல் வாய்க்கால் பக்கம் போய்விட்டான். அக்கா மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "ஏன்டா, எங்கூட்டு நெட்டும் ராத்திரியான ரொம்ப மெதுவா வருதுடா, என்னான்னு பாரு" என்றாள். போனில் அவர்கள் வைஃபையைப் பிடித்து ரவுட்டர் பக்கத்தைத் திறந்தேன். வந்தது 41 ஜிபி, போனது 39. அவன் ரூமுக்குப் போய் கம்ப்யூட்டரில் ஆப்டேட்டாவைத் திறந்தேன். அதே பெயர், தேதி ஜூலை 26. எங்கள் வீட்டுக்கு வருவதற்கு எட்டு நாள் முன்னால்.

மோரைக் குடித்துவிட்டு, முதலில் ஷெட்யூல்டு டாஸ்க்கைத் தேட ஆரம்பித்தேன்.